மின்சார ஃபார்முலா ஆர்.சி. கார்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

ரிமோட்டால் இயக்கும் ஆர்.சி. கார்களில், நான்கு சக்கர இயக்கம் கொண்ட 1/10 டூரிங் காரை (உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு, சாலைக் கார் வடிவம்) ஓராண்டு ஓட்டிப் பழகிவிட்டீர்கள். இப்போது சக்கரங்கள் பாடிக்கு வெளியே நிற்கும் ஃபார்முலா வகை மின்சாரக் கார் ஒன்றை வாங்க விரும்புகிறீர்கள். எந்த நிறுவனத்தின் கார் சிறந்தது, உறுப்புகளாக வரும் கிட்டை வாங்கி நாமே பூட்டுவதா, ஓட்டத் தயாராக வருவதை வாங்குவதா, எவ்வளவு வேகமான மோட்டார் பொருத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தார் போட்ட வாகன நிறுத்துமிடத்திலும், எப்போதாவது கம்பளம் விரித்த உள்ளரங்கத் தடத்திலும் ஓட்டப்போவதாகக் கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே மிக முக்கியமான தகவல் அந்தக் கடைசி வரிதான். இந்த வகைக் காரில் முதலில் முடிவாக வேண்டியது தரை. தரை டயரை முடிவு செய்யும். டயரும் பிடிமானமும் மோட்டாரை முடிவு செய்யும். சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், பெயரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலரும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு வாங்குவதால், விலை உயர்ந்த காரை வாங்கியும் நேராக ஓட்ட முடியவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் டூரிங் காரிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். டூரிங் காரில் நான்கு சக்கரங்களுக்கும் சக்கரத்தைத் தாங்கும் தனித்தனி கைகளும் அதிர்வை அடக்கும் எண்ணெய் டேம்பர்களும் உண்டு; மோட்டாரின் விசை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து செல்கிறது. ஃபார்முலா கார்களில் பெரும்பாலானவை தட்டைத் தகடு ஒன்றின் மீது கட்டப்பட்டவை. பின் அச்சும் மோட்டாரும் ஒரே தொகுதியாக அந்தத் தகட்டின் பின்முனையில் இணைந்திருக்கும். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேர் அச்சில் நிற்கும். மோட்டாரின் பினியன் என்னும் சிறிய பல்சக்கரம், அச்சில் உள்ள ஸ்பர் கியர் என்னும் பெரிய பல்சக்கரத்தை நேரடியாகச் சுழற்றும். இடையில் பெல்ட்டோ ஷாஃப்டோ கிடையாது. முன்புறத்தில் கிங்பின் என்னும் செங்குத்து ஊசியில் சிறிய ஸ்பிரிங் ஒன்றைக் கோர்த்திருப்பார்கள். முன் சஸ்பென்ஷன் என்பது அந்த ஊசியின் மீது சக்கரம் ஓரிரு மில்லிமீட்டர் ஏறி இறங்குவது மட்டுமே. தரைக்கும் சேஸிஸின் அடிப்பக்கத்துக்கும் இடையே பொதுவாக 4 முதல் 5 மி.மீ. இடைவெளிதான் இருக்கும். உதிரி பாகங்கள் குறைவாக இருப்பதால் எடை குறைவு, பராமரிப்பும் எளிது. முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டுவதற்கு ஒரு மாலைப்பொழுது தாராளமாகப் போதும். இதற்கு ஈடாகக் கார் உங்களிடம் இரண்டு கேட்கும்: சமமான, சுத்தமான தரை ஒன்று, வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை மெல்ல அழுத்தும் விரல் மற்றொன்று.

ஆகவே உங்கள் நிறுத்துமிடத்தை முதலில் ஒரு நடை நடந்து பாருங்கள். தார் வழவழப்பாக இறுகியிருக்கிறதா, அல்லது ஜல்லிக்கற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றனவா என்பதைக் குனிந்து, கையால் தடவிப் பார்ப்பது நல்லது. விரிசல்கள், வடிகால் மூடிகள், வெள்ளைக் கோட்டின் தடித்த விளிம்பு ஆகியவை உங்கள் டூரிங் காருக்குப் பொருட்டே அல்ல, 5 மி.மீ. உயரத்தில் செல்லும் ஃபார்முலா காரின் முன் விங்குக்கு (மூக்கில் உள்ள இறக்கைத் தகடு) அவை ஒவ்வொன்றும் தடைதான். மணல் இன்னும் கெடுதல். இரண்டு சக்கர இயக்கம் மட்டுமே இருப்பதால், வளைவில் மெல்லிய தூசிப்படலம் இருந்தாலே பின்புறம் வீசிக்கொண்டு சுழன்றுவிடும். ஓட்டுவதற்கு முன் வளைவுகள் வரும் பகுதிகளை மட்டுமாவது நீளமான துடைப்பத்தால் பெருக்கிவிடும் வழக்கம் நல்லது. தரை உண்மையிலேயே கரடுமுரடாக இருந்தால், இந்தக் காரை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் டூரிங் கார் அங்கே இதைவிட வேகமாகவும் மகிழ்ச்சியாகவும் ஓடும்.

அளவைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பந்தயமும் உதிரி பாகங்களும் டயர்களும் பரவலாக இருப்பது 1/10 அளவில்தான். கியோஷோ நிறுவனத்தின் மினி-இசட் வரிசையிலும் ஃபார்முலா கார்கள் வந்துள்ளன. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கார்கள் வீட்டுக்கூடத்துக்கும் சிறிய ஃபோம் தடங்களுக்கும் உரியவை, தார்த்தளத்துக்கு அல்ல. பெரிய பந்தய அணிகளின் வண்ணத்தில் பளபளக்கும் பெட்டிகளில் விற்கப்படும் பொம்மைக் கார்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். பலவற்றில் ஸ்டியரிங் இடம், நேர், வலம் என்று மூன்று நிலைகளில் மட்டுமே நிற்கும்; ஓர் உறுப்பு உடைந்தால் மாற்று உறுப்பு கிடைக்காது. வாங்க நினைக்கும் காரின் முன் கையும் பின் அச்சும் தனித்தனியாக விற்பனைக்கு உள்ளனவா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அது பொம்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி சேஸிஸுக்கு வருவோம். இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. பின் தொகுதி முன் தகட்டோடு எவ்வாறு இணைகிறது என்பதே அது. பழைய முறையில், ஆங்கில டி எழுத்தின் வடிவில் வெட்டிய ஒரு மெல்லிய நார்த்தகடு இரண்டையும் இணைக்கும். அதன் ஒடுங்கிய கழுத்து முறுக்கிக்கொள்ளும்போது கார் பக்கவாட்டில் சாய்கிறது. வளையும்போது முன்பின்னாக அசைகிறது. ஒரே தகடு இரண்டு வேலைகளையும் செய்வதால், ஒன்றை மட்டும் தனியாகத் திருத்த முடியாது. மென்மையான தகட்டுக்கு மாறினால் சாய்வும் கூடும், முன்பின் அசைவும் கூடும். பலமாக மோதினால் அந்தக் கழுத்தில்தான் முதலில் விரிசல் விடும். புதிய முறையில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இணைப்புத் தண்டுகளும் நடுவே ஒரு பந்து மூட்டும் பின் தொகுதியைப் பிடித்திருக்கும். பக்கச் சாய்வைப் பக்கவாட்டு ஸ்பிரிங்குகளும், அடர்ந்த சிலிக்கான் எண்ணெய் பூசிய குழாய் டேம்பர்களும் கட்டுப்படுத்தும். முன்பின் அசைவை மேலே நடுவில் படுத்திருக்கும் ஒற்றை எண்ணெய் டேம்பர் கட்டுப்படுத்தும். இரண்டும் தனித்தனி என்பதால், எதை மாற்றினால் எது மாறுகிறது என்பதை ஓட்டுபவரால் உணர முடியும். மேடுபள்ளம் உள்ள தாரில் இணைப்புத் தண்டு முறையே மேலானது. ஆனாலும் டி வடிவத் தகட்டை ஒதுக்கிவிட வேண்டாம். திருத்துவதற்கு அதில் குறைவாகவே இருப்பதால், முதல் சில மாதங்களில் ஓட்டும் கையைப் பழக்குவதில் முழுக் கவனத்தையும் செலுத்தலாம். தகடு உடைந்தாலும் ஒரு சில திருகுகளைக் கழற்றி மாற்றிவிடலாம்.

ஜப்பானிய நிறுவனமான டமியாவின் எஃப்103, எஃப்104 ஆகிய இரு வரிசைகளும் டி வடிவத் தகட்டு முறைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஒரு வேறுபாட்டை வாங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும். எஃப்103 காரின் அகலம் 200 மி.மீ., எஃப்104 காரின் வழக்கமான அகலம் 180 மி.மீ. இதற்குக் காரணம் உண்மையான பந்தயக் கார்களின் விதிமுறைதான். ஃபார்முலா ஒன்றில் 1998-ஆம் ஆண்டு காரின் அகலம் 2 மீட்டரிலிருந்து 1.8 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017-இல் மீண்டும் 2 மீட்டரானது. பத்தில் ஒரு பங்கு மாதிரிகள் அந்தந்தக் காலத்தின் உருவத்தைப் பின்பற்றின. அதனால் பாடி, முன் கைகள், பின் அச்சு, சக்கரம் எதையும் இரண்டு வரிசைகளுக்கும் பொதுவானது என்று எண்ணி வாங்கக் கூடாது. அகலம் குறைந்த கார் வளைவில் சுறுசுறுப்பாகத் திரும்பும். அகலமான கார் நிதானமாக நிற்கும். நீங்கள் செல்லும் உள்ளரங்கத் தடத்தில் பந்தய வகுப்பு இருந்தால், அதன் விதியில் அகல வரம்பு இருக்கும். அதைக் கேட்டறிந்தபின் முடிவு செய்யுங்கள்.

இணைப்புத் தண்டு முறையில் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட கார்கள் பல உள்ளன. சுலோவாக்கியாவைச் சேர்ந்த எக்ஸ்ரேயின் எக்ஸ்1, செர்பென்ட்டின் எஃப்110, இங்கிலாந்தைச் சேர்ந்த ஷூமாக்கரின் ஐக்கான் போன்றவை அவற்றுள் அடங்கும். கார்பன் நார்த்தகடு, துல்லியமாகக் கடைந்த அலுமினிய உறுப்புகள், நுண்ணிய திருத்தங்களுக்கு இடம் ஆகியவை இவற்றின் சிறப்பு. இவற்றிடையே எது வேகமானது என்ற விவாதத்தில் நான் இறங்க விரும்பவில்லை. ஓட்டுபவரின் கையில் இருக்கும் வேறுபாடு, இந்தக் கார்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைவிட எப்போதும் பெரிது. நீங்கள் ஓட்டும் தடத்தில் மற்றவர்கள் எந்தக் காரை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு முன் கை உடைந்தால் பக்கத்து மேசையிலிருந்து கடன் வாங்கிப் பந்தயத்தை முடிக்க முடியும் என்பது, எந்தக் கார்பன் தகடும் தராத நன்மை.

இந்த வழக்கமான அமைப்பிலிருந்து விலகிய கார்களும் உண்டு. ஹாங்காங்கின் 3ரேசிங் வெளியிட்ட எஃப்.ஜி.எக்ஸ். காரில் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் உண்டு. டமியா 2000-களின் தொடக்கத்தில் எஃப்201 என்ற நான்கு சக்கர இயக்கக் காரையே செய்தது. உண்மையான ஃபார்முலா காரின் பொறியமைப்பை மேசையில் வைத்து ரசிக்க விரும்புபவருக்கு இவை அருமையானவை. ஆனால் உறுப்புகள் அதிகம், எடை அதிகம், பந்தய வகுப்புகளில் பெரும்பாலும் இடமில்லை. எஃப்201-க்கு உதிரி பாகம் தேடுவது தனி உழைப்பு. உங்கள் முதல் ஃபார்முலா காராக இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிட்டா, தயாராக வருவதா என்ற கேள்விக்கு என் பதில் கிட் என்பதே. ஃபார்முலா வகையில் ஓட்டத் தயாராக வரும் நல்ல கார்கள் எப்போதுமே குறைவு என்பது ஒரு காரணம். மற்றொன்று, இந்தக் காரின் நடத்தை பந்து டிஃபரன்ஷியலின் (வளைவில் இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) இறுக்கம், கிங்பின்னின் வழுக்கு, பின் தொகுதியின் தடையற்ற அசைவு ஆகிய மூன்றையும் பெரிதும் சார்ந்திருக்கிறது. அவற்றைத் தன் கையால் ஒருமுறை பூட்டியவருக்குத்தான் பிறகு எங்கே கோளாறு என்று தெரியும். ஆனால் பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்பதைக் கவனமாகப் படியுங்கள். டமியாவின் சாதாரண கிட்களில் பாடியும் டயரும், பல நேரங்களில் 540 என்னும் பொது அளவிலான பிரஷ் (கார்பன் தூரிகை கொண்ட) மோட்டாரும் சேர்ந்தே வரும். பந்தய கிட்களில் பொதுவாக மின்னணு உறுப்புகள் எவையும் இருப்பதில்லை. பலவற்றில் பாடியும் டயரும்கூடத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும்.

பந்து டிஃபரன்ஷியலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் டூரிங் காரில் இருப்பது பெரும்பாலும் கியர் வகையாக இருக்கும். இங்கே ஸ்பர் கியரின் முகத்தில் துளையிட்டு எஃகுக் குண்டுகளைப் பதித்திருப்பார்கள். இருபுறமும் எஃகு வளையங்கள் அவற்றை அழுத்திப் பிடிக்கும். அந்த அழுத்தத்தை அச்சின் முனையிலுள்ள நட்டு தீர்மானிக்கும். தளர்வாக இருந்தால் த்ராட்டிலை அழுத்தும்போது வளையங்கள் வழுக்கி, உராய்ந்து, விரைவில் பள்ளம் விழுந்துவிடும். மிக இறுக்கமாக இருந்தால் கார் வளைவில் திரும்ப மறுக்கும். இரு பின் சக்கரங்களையும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பர் கியரைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள்: எளிதில் வழுக்கக் கூடாது. பிறகு கியரைப் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றினால், மற்றது எதிர்த்திசையில் வெண்ணெயாகச் சுழல வேண்டும். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் இதைச் செய்து பார்க்கலாம்.

டயர்தான் இந்தக் காரின் உயிர். பணம் குறைவாக இருந்தால் சேஸிஸில் குறைத்துக்கொள்ளுங்கள், டயரில் குறைக்காதீர்கள். ரப்பர், ஃபோம் என இரண்டு வகைகள் உண்டு. ரப்பர் டயர் உள்ளே ஃபோம் வளையம் வைத்து, சக்கரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். தோற்றத்திலும் உண்மையான டயரை ஒத்திருக்கும். ஃபோம் டயர் முழுவதுமே நுரைப்பொருளால் ஆனது; கடைசல் கருவியில் வைத்துத் தேவையான விட்டத்துக்குச் சீவிக்கொள்வார்கள். ஃபோம், கம்பளத் தரையில் நன்றாகப் பிடிக்கும். தார்த்தளத்தில் வேகமாகத் தேயும், மணலையும் பொறுக்கிக்கொள்ளும். தேயத் தேய விட்டம் குறைவதால் கியர் கணக்கும் மாறிக்கொண்டே போகும். நீங்கள் பெரும்பாலும் தாரில் ஓட்டுவதால் ரப்பர் டயரையே தேர்ந்தெடுங்கள். இன்று பல தடங்களில் கம்பளத்திலும் ஃபார்முலா வகுப்புக்கு ரப்பர் டயரே விதியாக இருக்கிறது என்பதால், இரண்டு இடங்களுக்கும் அது பொருந்தி வரக்கூடும்.

ரப்பரிலும் மென்மை, நடுத்தரம், கடினம் என்று கலவைகள் உண்டு. குளிர்ந்த தரைக்கு மென்மையானது, வெயிலில் காய்ந்த தாருக்குக் கடினமானது என்பது பொது விதி. மென்மையான கலவை சூடான தாரில் சில நிமிடங்களிலேயே தன் பிடியை இழந்து தேயத் தொடங்கும். இதைவிட முக்கியமான விதி, முன் டயரின் பிடி பின் டயரின் பிடியை மிஞ்சக் கூடாது என்பது. விசையும் பிரேக்கும் பின் சக்கரங்களில் மட்டுமே இருப்பதால், முன்புறம் அதிகமாகப் பிடித்தால் பின்புறம் சுழன்றுவிடும். ஆகவே தொடக்கத்தில் முன்னே கடினமான கலவையும் பின்னே மென்மையான கலவையும் போடுங்கள். கார் திரும்ப மறுத்து வெளியே போகிறது என்று தோன்றினால் அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டிப் பழகுங்கள். சற்றுத் திரும்ப மறுக்கும் காரை ஓட்டக் கற்றுக்கொள்வது, சுழலும் காரைக் கட்டுப்படுத்தக் கற்பதைவிடப் பல மடங்கு எளிது. பிடியைக் கூட்ட டயரில் தடவும் திரவத்தைப் பின் டயரில் முழு அகலத்துக்கும், முன் டயரில் உள்பக்கம் பாதி அகலத்துக்கு மட்டும் தடவுவதும் இதே சமநிலைக்கான வழிதான்.

சக்கரங்கள் வெளியே இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. முன்னால் செல்லும் காரின் பின் டயரில் பின்விளிம்பு மேல்நோக்கிச் சுழல்கிறது. உங்கள் முன் டயரின் முன்விளிம்பு கீழ்நோக்கிச் சுழல்கிறது. இரண்டும் தொட்டால் உங்கள் கார் அப்படியே மேலே தூக்கி வீசப்படும். டூரிங் காரில் பாடியோடு பாடி உரசி ஓட்டியே பழகியிருந்தால், அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது. சேர்ந்து ஓட்டும்போது ஒரு கார் நீளமாவது இடைவெளி விடுங்கள்.

மோட்டார் விஷயத்தில் உங்கள் எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். டூரிங் காரில் ஸ்பர், பினியன் இரண்டுக்கும் அப்பால் உள்ளே இன்னொரு கட்டக் கியர் குறைப்பு உண்டு. ஃபார்முலா காரில் ஒரே கட்டம்தான்; ஸ்பர் கியரின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதே முழு விகிதம். அது பெரும்பாலும் 3-ஐ ஒட்டியே அமையும். ஸ்பர் கியர் பின் டயரைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்பதால் அதை விருப்பம்போலக் கூட்டவும் இயலாது. எனவே வேகமாகச் சுழலும் மோட்டாருக்கு இங்கே போதிய குறைப்புக் கிடைக்காமல் அது கொதித்துப்போகும். பல பந்தயங்களில் 21.5 கம்பிச் சுற்று கொண்ட பிரஷ்லெஸ் (கார்பன் தூரிகை இல்லாத) மோட்டாரை விதியாக வைத்திருப்பதில் இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது. சுற்று எண்ணிக்கை கூடினால் வேகம் குறையும், சீராக இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின் டயரின் விட்டம் 62 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 195 மி.மீ. ஸ்பர் 90 பல், பினியன் 30 பல் என்றால் விகிதம் 3. மோட்டார் ஒருமுறை சுழன்றால் கார் 65 மி.மீ. நகரும். வோல்ட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,800 சுழற்சி தரும் மோட்டார், 7.4 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு 13,000-க்கு மேல் சுழலும். இது காகிதத்தில் மணிக்கு 52 கிலோமீட்டர். தரையில் அதைவிடச் சற்றுக் குறையும். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். உங்கள் நிறுத்துமிடம் 40 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று நொடிகூட ஆகாது. இதற்கு மேல் வேகம் உங்களுக்கு எங்கே தேவைப்படும் என்று நீங்களே பாருங்கள். டமியா கிட்டோடு வரும் சாதாரண பிரஷ் மோட்டாரில் தொடங்கினாலும் குறை ஒன்றுமில்லை. முதல் சில வாரங்களுக்கு அதுவே போதும்.

கியர் வாங்கும்போது பல்லின் அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிட்ச், மாட்யூல் இரண்டும் பல்லின் அளவைக் குறிக்கும் முறைகள். 64 பிட்ச் என்பதும் 0.4 மாட்யூல் என்பதும் ஏறத்தாழ ஒரே அளவுதான், அவை ஒன்றோடொன்று ஓடும். 48 பிட்ச், 0.6 மாட்யூல் ஆகியவை வேறு. இவற்றைக் கலந்தால் ஸ்பர் கியரின் பற்கள் மழுங்கிவிடும். பினியனை மாற்றிய ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் ஓட்டி, வெப்பமானியால் மோட்டாரின் சூட்டைப் பாருங்கள். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு பல் குறைந்த பினியனுக்கு மாறிவிடுங்கள். மிகுந்த சூட்டில், மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரின் காந்தம் நிரந்தரமாக வலுவிழக்கும்.

மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலர், மோட்டாரின் நிலையை அறியும் சென்சார் இணைப்புள்ளதாக இருக்கட்டும். அப்போதுதான் மிகக் குறைந்த வேகத்திலும் மோட்டார் திக்காமல் கிளம்பும், இரண்டு சக்கர இயக்கத்தில் அந்த மென்மை மிகவும் தேவை. பிரேக் அளவை முழுமையாக வைக்காதீர்கள். பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே விழுகிறது. அதே கணத்தில் எடை முன்னோக்கிச் சாய்வதால் பின் டயர்களின் பிடி குறைகிறது. பாதிக்கும் கீழே வைத்துத் தொடங்கி, கார் நேராக நிற்கும் அளவுக்குப் படிப்படியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களைத் திருப்பும் சர்வோவில் விசையைவிட வேகமும் துல்லியமும் முக்கியம், ஏனெனில் முன் சக்கரங்கள் இலேசானவை, விசையும் அவற்றுக்குப் போவதில்லை. மூக்குப் பகுதி ஒடுக்கமானது என்பதால், உங்கள் டூரிங் காரின் சர்வோ உள்ளே அடங்குமா என்று கிட்டின் கையேட்டைப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். டிரான்ஸ்மிட்டர் இப்போது வைத்திருப்பதே போதும். ஸ்டியரிங் எக்ஸ்போவும் (நடு நிலையில் திருப்பத்தை மென்மையாக்கும் அமைப்பு) எல்லை அளவும் (சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்பது) திருத்த முடிந்தால் வேறொன்றும் வேண்டாம். ரிசீவர் மட்டும் இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் கவனிக்க வேண்டியது நீளம். உங்கள் டூரிங் காரில் சுமார் 139 மி.மீ. நீளமுள்ள வழக்கமான பேட்டரி இருக்கும். பந்தய ஃபார்முலா கார்கள் பலவும் ஷார்ட்டி எனப்படும், 96 மி.மீ. அளவிலான குட்டை லித்தியம் பாலிமர் பேட்டரிக்காகவே வடிவமைக்கப்பட்டவை. பழைய டமியா சேஸிஸ்கள் நீளமான வடிவையே ஏற்கும். இரண்டு செல், 7.4 வோல்ட், 4,000 மில்லி ஆம்பியர் மணி என்ற அளவே தாராளம், 21.5 சுற்று மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுப்பதில்லை, கூடுதல் கொள்ளளவு வீண் எடையாகவே முடியும். லித்தியம் பேட்டரிக்குரிய ஒழுங்கை மட்டும் ஒருபோதும் தளர்த்தாதீர்கள்: செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது, சும்மா வைக்கும்போது 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும், சார்ஜ் ஏறும்போது அருகிலேயே இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியை அதன்பின் பயன்படுத்தவே கூடாது.

பாடி, மெல்லிய பாலிகார்பனேட்டால் ஆனது. உட்புறமாக வண்ணம் பூச வேண்டும். அது பெரிதாக அடிபடாது. அடிபடுவது முன் விங். காரின் வேறெந்த உறுப்புக்கும் முன்பாகச் சுவரைத் தொடுவது அதுதான். கடினமான பிளாஸ்டிக் விங் தோற்றத்தில் நேர்த்தியாக இருக்கும், முதல் மோதலிலேயே துண்டாகும். வளைந்து கொடுக்கும் நைலான் வகையை ஓட்டுவதற்கு வைத்துக்கொண்டு, நேர்த்தியானதை அலமாரியில் காட்சிக்கு வைக்கும்போது மாட்டிக்கொள்ளலாம். காரோடு சேர்த்து முதல் நாளிலேயே வாங்க வேண்டியவை: முன் விங் இரண்டு, முன் கீழ்க்கைகள் ஒரு ஜோடி, கிங்பின்கள், ஒரு ஸ்பர் கியர், டி வடிவத் தகட்டுக் காராக இருந்தால் அந்தத் தகடு ஒன்று, பின் டயர் ஒரு ஜோடி. பின் டயர்கள் முன் டயர்களைவிட முன்பே தீரும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் அவ்வப்போது மாற்றிப் போட்டால் தேய்மானம் ஓரளவு சமப்படும்.

இவற்றையெல்லாம் வைத்து உங்கள் நிலைக்கு நேரடியாகச் சொல்வதானால், தரை வழவழப்பாக இருக்கும் பட்சத்தில் எஃப்104 வரிசையைச் சேர்ந்த ஒரு கிட், முன்னே கடினமும் பின்னே மென்மையுமான ரப்பர் டயர்கள், 21.5 சுற்று மோட்டார் ஆகியவற்றோடு தொடங்கலாம். உள்ளரங்கத் தடத்தில் தொடர்ந்து பந்தயம் ஓட்டுவது என்று ஏற்கெனவே உறுதியாக முடிவு செய்திருந்தால், இடையில் நிற்காமல் அங்கே பலரும் வைத்திருக்கும் இணைப்புத் தண்டு வகைக் காருக்கே சென்றுவிடுங்கள். இரண்டு முறை செலவழிப்பதைவிட அதுவே சிக்கனம்.

பயன்படுத்திய காரை வாங்குவதும் இந்த வகையில் நல்ல வழிதான், ஏனெனில் தேயும் உறுப்புகள் குறைவு. பார்க்கும்போது பின் அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் உருட்டுங்கள். சிறு வளைவு இருந்தாலும் தடதடவென்று காட்டிக்கொடுக்கும். டி வடிவத் தகட்டின் திருகுத் துளைகளைச் சுற்றி வெளுத்த கோடுகள் இருந்தால் அது விரைவில் உடையப்போகிறது என்று பொருள். கார்பன் தகட்டின் ஓரங்கள் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கின்றனவா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். டிஃபரன்ஷியலைச் சுழற்றும்போது கரகரப்பு இருந்தால், வளையங்களும் குண்டுகளும் புதிதாகப் போட வேண்டிய செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். எஃப்103-ஆ, எஃப்104-ஆ என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் நேரில் பார்த்தும் அகலத்தை அளந்தும் உறுதி செய்யுங்கள். காரோடு பழைய லித்தியம் பேட்டரியை இலவசமாகத் தருவதாகச் சொன்னாலும் அதை ஏற்காதீர்கள்.